உயில் எப்போது செல்லாது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்) மாணவி

மனிதன் உயிரோடிருக்கும்போது சொல்லும் சொல்லில் ஐயம் எழுந்தால், அவனையே கேட்டுத் தெளியலாம். ஆனால் அவன் மறைந்த பிறகே பேசத் தொடங்கும் சொல் ஒன்று உண்டு. அதுவே உயில். பேசியவர் இல்லை, பேச்சு மட்டும் தாளில் இருக்கிறது. எனவேதான் உயிலைப் பற்றிய வழக்குகள் நம் நாட்டு நீதிமன்றங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகின்றன.

வேதியியல் படிக்கும் மாணவிக்குச் சட்டக் கட்டுரை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் அம்மாவைப் பெற்ற தாத்தா காலமானார். முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் பெரியப்பா ஒரு ஜெராக்ஸ் நகலுடன் எங்கள் வீட்டிற்கு வந்தார். அது தாத்தா எழுதிய உயில். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் உண்டு. ஆனால் பத்திரத் தமிழைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் எவருமில்லை. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. வீடும் இரண்டு ஏக்கர் நிலமும் மாமாவுக்கே என்று அதில் எழுதியிருந்தது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒன்றுமில்லை.

பெரியப்பா அந்த நகலின் அடிப்பகுதியை விரலால் தட்டினார். “மாமனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அறிவொளி இயக்கத்துல கத்துக்கிட்டு ஊரு முழுக்கப் போட்டுக் காட்டுனவரு. இதுல ரேகைதான் இருக்கு. அப்ப இது யாரு வச்சது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. 1990களின் தொடக்கத்தில் எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவர் எங்கள் தாத்தா. அதன்பின் கூட்டுறவுப் பால் சங்கத்திலோ ரேஷன் கடையிலோ அவர் ரேகை வைத்து யாரும் கண்டதில்லை.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “அப்பா சொல்லித்தான் எழுதுனாங்களா, இல்லையா? அத மட்டும் பார்த்துச் சொல்லு ஆத்தா” என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி மாவட்ட மைய நூலகத்திற்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திற்கும் நடந்தேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்ற வரையறையின்றிப் பெண்கள் அனைவருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அங்கிருந்த வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். அவரிடமும் நூல்களிலும் கற்றவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

உயில் என்பது யாது?

தன் சொத்து தன் இறப்பிற்குப் பின் யாரைச் சேரவேண்டும் என்று ஒருவர் எழுதி வைக்கும் விருப்பமே உயில். ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழில் ‘உயில்’ ஆயிற்று. மரண சாசனம் என்றும் இதனைக் கூறுவர். கிரயப் பத்திரமும் தானப் பத்திரமும் எழுதியவர் வாழும்போதே நடைமுறைக்கு வருவன. உயிலோ எழுதியவர் கண்மூடிய பின்னரே உயிர் பெறுகிறது. அதுவரை அவர் அதனை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் எறியலாம்.

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள், கிறிஸ்தவர்கள் ஆகியோரின் உயில்கள் இதன்கீழ் வருகின்றன. ஆயினும் எல்லாப் பிரிவுகளும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. முஸ்லிம்களின் உயிலுக்கு அவர்தம் சமயச் சட்டமே வழிகாட்டி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ‘இந்த உயில் அநியாயமானது’ என்று மட்டும் சொல்லி எந்த உயிலையும் வீழ்த்த முடியாது. தன் உழைப்பில் தேடிய சொத்தை ஒருவர் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மற்றொரு பிள்ளைக்கு மறுக்கலாம். அயலாருக்கும் கோயிலுக்கும் கொடுக்கலாம். நீதிமன்றம் ‘இது நல்ல உயிலா?’ என்று கேட்பதில்லை. ‘இது அவருடைய உயில்தானா?’ என்றே கேட்கிறது. அந்த ஒரு கேள்வியை நான்காகப் பிரித்துக் காண்போம்.

முதற் கேள்வி: முறைப்படி எழுதப்பட்டதா?

இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. உயில் எழுதுபவர் அதில் கையொப்பமிட வேண்டும். அல்லது தம் அடையாளத்தை இடவேண்டும். அல்லது அவர் முன்னிலையில், அவர் சொற்படி வேறொருவர் கையொப்பமிட வேண்டும். கைநாட்டு என்பது இங்கு அடையாளம் ஆகும். எனவே ரேகை வைத்த உயில் என்பதனாலேயே அது செல்லாமல் போய்விடாது.

அடுத்து, குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதுபவர் கையொப்பமிடுவதையோ அடையாளமிடுவதையோ அவர்கள் ஒவ்வொருவரும் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அல்லது ‘இது என் கையொப்பம்’ என்று அவர் வாயால் ஒப்புக்கொள்ளக் கேட்டிருக்க வேண்டும். பின்னர் அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, எழுதியவரைப் பாராமலே ‘சாட்சி’ என்று கையெழுத்துப் போட்டவர் சட்டத்தின் கண்ணில் சாட்சி ஆகமாட்டார்.

வழக்கு வரும்போது, உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவரையேனும் கூண்டில் ஏற்றி உயிலை மெய்ப்பிக்க வேண்டும். இவ்விதி 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 68ஆம் பிரிவாக இருந்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 67ஆம் பிரிவாக இடம் பெற்றுள்ளது. சாட்சி ஒருவரைக் கூண்டில் ஏற்றினால் மட்டும் போதாது. இரண்டு சாட்சிகளும் முறைப்படி கையொப்பமிட்டார்கள் என்பது அவர் வாய்மொழியால் விளங்க வேண்டும் என்று ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது.

கையொப்பமிட்ட பின் இடையில் வரி சேர்த்தாலோ அடித்து எழுதினாலோ, அந்தத் திருத்தத்திற்கும் அதே முறையில் கையொப்பமும் சாட்சியும் வேண்டும். இல்லையேல் திருத்தம் செல்லாது. பிற்காலத்தில் எழுதிய உயில் முறையாக இருந்து முன்னதை நீக்கினால், முன்னது செல்லாது. ஆதலால் கையில் கிடைத்த உயில் கடைசி உயில்தானா என்பதையும் பார்க்கவேண்டும்.

இரண்டாம் கேள்வி: மனம் தெளிவாக இருந்ததா?

பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனமுடைய எவரும் உயில் எழுதலாம் என்கிறது 59ஆம் பிரிவு. கண் தெரியாதவரும், காது கேளாதவரும், பேச இயலாதவரும், தாம் செய்வது இன்னதென்று அறிந்தால் எழுதலாம். மனநோய் உள்ளவரும் தெளிவு வந்த இடைவேளையில் எழுதலாம். ஆனால் குடிபோதையாலோ நோயாலோ தாம் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் ஒருவர் வைத்த கையொப்பத்திற்கு மதிப்பில்லை.

நாம் அடிக்கடி செய்யும் தவறு யாதெனில், உடல் தளர்ச்சியை மனத் தளர்ச்சியாகக் கொள்வதாகும். “படுத்த படுக்கையாய் இருந்தவர் எப்படி உயில் எழுதுவார்?” என்று ஊரில் கேட்பர். மிகவும் மெலிந்து தளர்ந்தவராயினும், சொத்தை எவ்வாறு பகிர்வது என்று எண்ணிப் பார்க்கும் ஆற்றல் இருந்தால் அவருடைய உயில் செல்லும் என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தந்து விளக்குகிறது.

இதற்கு இங்கிலாந்தில் 1870இல் தீர்ப்பான பேங்க்ஸ் – குட்ஃபெல்லோ வழக்கு புகழ் பெற்றது. ஜான் பேங்க்ஸ் என்பவர் ஒரு காலத்தில் மனநோய் விடுதியில் இருந்தவர். இறந்துபோன ஒருவன் தம்மை விடாமல் துரத்துகிறான் என்று நம்பியவர். அவர் தம் சொத்தைத் தம் உடன்பிறந்தார் மகளுக்கு எழுதிவைத்தார். அந்த உயில் செல்லும் என்றே நீதிமன்றம் கூறியது. அவருடைய மயக்க எண்ணத்திற்கும் சொத்தைப் பகிர்ந்த முறைக்கும் தொடர்பில்லை என்பதே காரணம். உயில் என்றால் என்ன, தமக்குள்ள சொத்து எவ்வளவு, தம்மிடம் உரிமை கோரத் தகுந்தவர் யாவர் ஆகிய மூன்றையும் அவர் அறிந்திருந்தாரா என்பதே அளவுகோல். நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்த அளவுகோலை எடுத்தாள்கின்றன.

மூன்றாம் கேள்வி: சொந்த விருப்பமா?

மோசடியாலோ, மிரட்டலாலோ, மறுக்கும் ஆற்றலையே பறித்துவிடும் நச்சரிப்பாலோ எழுதப்பட்ட உயில் செல்லாது என்பது 61ஆம் பிரிவு. இதற்குச் சட்டம் தரும் எடுத்துக்காட்டுகள் கதைபோல் படிக்கத் தகுந்தவை. ‘உன் ஒரே பிள்ளை இறந்துவிட்டான்’ என்று ஒருவன் தெரிந்தே பொய் சொல்லித் தன் பெயருக்கு எழுதி வாங்கினால் அது மோசடி. ‘எழுதாவிட்டால் சுட்டுவிடுவேன், வீட்டைக் கொளுத்துவேன்’ என்றால் அது மிரட்டல். நோயில் கிடப்பவரை ஒருவன் ஓயாமல் நச்சரிக்க, அவர் ‘நிம்மதியாக இருந்தால் போதும்’ என்று பணிந்து எழுதினால் அதுவும் செல்லாது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பக்கத்திலிருந்து பணிவிடை செய்தும் புகழ்ந்தும் ஒருவர் அன்பைப் பெற்று, அதனால் அவர் உயில் எழுதினால், அது செல்லும். வற்புறுத்திக் கேட்டதனாலேயே உயில் கெட்டுவிடாது. கேட்டபிறகு அவர் தம் சொந்த அறிவால் முடிவு செய்தாரா என்பதே கேள்வி. ‘கூட இருந்து மயக்கிவிட்டார்கள்’ என்பது ஊர்ப் பேச்சுக்குப் போதும், நீதிமன்றத்திற்குப் போதாது.

நான்காம் கேள்வி: கொடுக்க அவருக்கு உரிமை இருந்ததா?

தமக்கு உரிமையில்லாத சொத்தை யாரும் உயிலால் கொடுக்க முடியாது. இந்துக் கூட்டுக் குடும்பத்துப் பூர்விகச் சொத்தில் தந்தை தம் பங்கை மட்டுமே உயிலில் எழுதலாம். இது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 30ஆம் பிரிவு. முழுவதையும் எழுதினால், அவர் பங்கிற்கு மேற்பட்ட பகுதி செல்லாது.

மாணவியர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் திருமணமாகாத மகள்களுக்கு இவ்வுரிமை வந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களுக்கும் அதனைத் தந்தது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆனால் ‘தாத்தா சொத்து’ எல்லாம் பூர்விகச் சொத்து ஆகிவிடாது. தாத்தா தம் சம்பாத்தியத்தில் வாங்கியது அவருடைய தனிச் சொத்து. எனவே உயிலைப் பார்க்கும் முன் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பது முறை.

முஸ்லிம் சட்டப்படி, ஈமச் செலவும் கடனும் போக எஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் உயிலால் கொடுக்க வாரிசுகளின் ஒப்புதல் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு, உயிலில் சாட்சியிட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய கொடை செல்லாது. உயில் எழுதிய பின் திருமணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய உயிலும் நீங்கிவிடும். இவ்விரு விதிகளும் இந்துக்களுக்குப் பொருந்தா.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருக்கு?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உப்பைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நீல நிறத்தைப் பார்த்தவுடன் ‘தாமிரம்’ என்று எழுதிவிட்டால் மதிப்பெண் கிடையாது. நிறம் தருவது ஐயம் மட்டுமே. உறுதிச் சோதனை செய்த பிறகே முடிவு எழுதலாம். உயில் வழக்கிலும் அவ்வாறே ‘ஐயத்திற்குரிய சூழ்நிலைகள்’ என்று நீதிமன்றங்கள் சிலவற்றைக் குறிப்பிடுகின்றன. நடுங்கிய கையொப்பம், தள்ளாடும் மனநிலை, காரணமின்றி நெருங்கிய வாரிசை விலக்குதல், பயன் பெறுபவரே உயில் தயாரிப்பதில் முன்னின்றது போன்றவை அவை. இவை இருப்பதனாலேயே உயில் வீழ்ந்துவிடாது. இவற்றுக்கு நம்பத்தகுந்த விளக்கம் தரும் பொறுப்பு உயிலை முன்வைப்பவரைச் சேர்கிறது. மோசடி என்றோ மிரட்டல் என்றோ எதிர்ப்பக்கத்தார் குற்றம் சாட்டினால், அதை மெய்ப்பிக்க வேண்டியவர்கள் அவர்களே.

இதற்கு வழிகாட்டியாக விளங்குவது வெங்கடாசல ஐயங்கார் – திம்மாஜம்மா வழக்கு. மைசூர் நாட்டில் லட்சுமம்மா என்னும் மூதாட்டி எழுதியதாகக் கூறப்பட்ட உயில் அது. உயிலை முன்வைத்தவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றார்; அவர் தரப்புக்கு அதனால் கணிசமான பயனும் கிடைத்தது. ஐயங்களை அவர் நீக்கவில்லை என்று 1958இல் உச்சநீதிமன்றம் அந்த உயிலை ஏற்க மறுத்தது. ஜஸ்வந்த் கௌர் – அம்ரித் கௌர் வழக்கில், 1945 எனத் தேதியிட்ட உயில் 1957 வரை வெளிச்சத்திற்கு வரவில்லை. செல்வந்தர் ஒருவரின் உயில் ஒரே தாளில் இருந்தது. மனைவிக்கு அதில் இடமே இல்லை. அதுவும் ஏற்கப்படவில்லை. அண்மையில் 2025இல் குர்தியால் சிங் – ஜாகீர் கௌர் வழக்கிலும், மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத உயில் ஐயத்திற்கு உரியது என்று உச்சநீதிமன்றம் கூறிற்று.

இன்னும் இரண்டு தவறான எண்ணங்களையும் நீக்கிவிடுவோம். பதிவு செய்யாத உயில் செல்லாது என்பது தவறு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவு செய்வது அவரவர் விருப்பம். முத்திரைத்தாளும் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். அதேபோல், பதிவு செய்துவிட்டால் அசைக்கவே முடியாது என்பதும் தவறு. பதிவு ஒரு துணைச் சான்றே தவிர, எல்லா ஐயத்தையும் துடைத்துவிடாது.

எங்கள் வீட்டு உயில்

இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தாத்தாவின் உயிலை மறுபடியும் படித்தேன். ஐயங்கள் குறையவில்லை, கூடின. கையொப்பமிடத் தெரிந்தவரின் ரேகை ஒன்று. உயில் பதிவாகவில்லை. பத்திர எழுத்தரை வீட்டிற்கு அழைத்து வந்தவர் சொத்தைப் பெறும் மாமாவே. ஐயங்கார் வழக்கைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சிறுவயதில் என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டிய மாமாவைப் பற்றி நான் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தேன்.

சாட்சிகளில் ஒருவர் தாத்தாவின் தம்பி. எனக்குச் சின்னத் தாத்தா. அம்மாவும் நானும் அவரைப் பார்க்கச் சென்றோம். நான் குறிப்பேட்டைப் பார்த்து வரிசையாகக் கேட்டேன். ரேகை வைத்ததை நேரில் பார்த்தீர்களா? நீங்கள் கையெழுத்துப் போடும்போது தாத்தா எதிரில் இருந்தாரா? எழுதியதைப் படித்துக் காட்டினார்களா? மாமா எங்கே இருந்தார்?

அவர் கோபப்படவில்லை. “கேளு ஆத்தா, கேக்க வேண்டியதுதான்” என்று சொல்லித் தொடங்கினார். பக்கவாதம் வந்து தாத்தாவின் வலக்கை விழுந்து ஓராண்டு ஆகியிருந்தது. நாக்குக் குழறும், ஆனால் கணக்குத் தப்பாது. மாதக் கடைசியில் பால் சங்கத்துக் கணக்கை வாயாலேயே ஒப்பிப்பாராம். அன்று எழுத்தர் வந்து அமர்ந்ததும் மாமாவை, “போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு” என்று வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசவே தொடங்கினாராம். எழுதியதை எழுத்தர் இருமுறை படித்துக் காட்டினார். கையொப்பத்திற்குப் பேனாவைக் கேட்டு வாங்கினார் தாத்தா. பத்திரம் கெட்டுவிடக் கூடாதென்று முதலில் வேறு தாளில் போட்டுப் பார்த்தார். மூன்று முறை போட்டும் எழுத்து வரவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு இடக்கைப் பெருவிரலை நீட்டினார்.

“அந்தத் தாளு?” என்று அம்மா கேட்டார்.

அது மாமா வீட்டுத் தகரப் பெட்டியில், உயிலோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள். உயிலில் உள்ள தேதியே அதன் முகத்திலும் இருந்தது. பின்புறத்தில் மூன்று கிறுக்கல்கள். முதல் எழுத்து மட்டும் ஓரளவு தெரிந்தது. மற்றவை வரிவிட்டு இறங்கிப் போயிருந்தன. ஒரு தாள் மட்டும் எதையும் மெய்ப்பித்துவிடாது என்பதை இப்போது நான் அறிவேன். ஆனால் நேரில் கண்ட சாட்சியின் சொல்லும், நோயின் நிலையும், இந்தத் தாளும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன.

எஞ்சியது நான்காம் கேள்வி. மூலப் பத்திரத்தைப் பார்த்தேன். 1979இல் தாத்தா தம் பெயரில் கிரயம் வாங்கிய நிலம் அது. கிணறு வெட்டிய கூலியில் சேர்த்த பணம் என்று அம்மாவே சொன்னார். பூர்விகம் அன்று, அவர் தேடியது. உயிலில் பெண்மக்கள் இருவரின் பெயரும் இருந்தது. அவர்களுக்குச் செய்யவேண்டிய சீரைத் திருமணக் காலத்திலேயே செய்தாயிற்று என்ற வாசகமும் இருந்தது. அவர் மறந்துவிடவில்லை, நினைத்துப் பார்த்தே விலக்கியிருக்கிறார்.

அந்த வாசகத்தில் எனக்கு இன்றும் மனக்குறை உண்டு. அம்மாவுக்குப் போட்டது ஐந்து பவுன். மாமாவுக்கு வந்தது வீடும் இரண்டு ஏக்கரும். சீர் செய்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணும் தந்தையர் நம் ஊர்களில் இன்றும் பலர். அதை நான் சரியென்று சொல்லமாட்டேன். ஆனால் அது நான் தாத்தாவிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே தவிர, நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்வி அன்று.

வீடு திரும்பும் வழியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப அப்பாதான் வச்சாரு?” என்றார். “ஆமாம்மா” என்றேன். “சரி” என்றார். பேருந்தில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்; அந்த நாட்காட்டித் தாளின் நகல் ஒன்றை மாமாவிடம் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். பெரியப்பா இன்னும் முழுவதும் ஆறவில்லை. பெரியம்மா சார்பில் வழக்குப் போட அவருக்கு வழியுண்டு என்பதையும் நானே அவரிடம் சொன்னேன். ஆனால் ‘ரேகையை வைத்தது யார்?’ என்ற பேச்சு அவர் வாயிலிருந்து அதன்பின் வரவில்லை.

முடிவுரை

சக மாணவ மாணவியரே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வீட்டில் ஒரு பத்திரம் வந்தால் அது நம் கைக்கே வரும். அப்போது ஊர்ப் பேச்சைக் கேட்டு ‘செல்லும்’ என்றோ ‘செல்லாது’ என்றோ அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். முறைப்படி எழுதப்பட்டதா, மனம் தெளிவாக இருந்ததா, சொந்த விருப்பமா, கொடுக்க உரிமை இருந்ததா என்ற நான்கையும் வரிசையாகக் கேட்போம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் உயில் எழுத விரும்பினால், பின்னாளில் ஐயம் எழாதபடி எழுத உதவுவோம். சாட்சிகள் எழுதுபவரைவிட இளையவர்களாக இருக்கட்டும். சொத்தைப் பெறுபவர் அந்த அறையில் இல்லாதிருக்கட்டும். முதியவரானால் அன்றே மருத்துவர் ஒருவரிடம் சான்று பெறுவது நல்லது. எழுதியதை உரக்கப் படித்துக் காட்டட்டும். கையொப்பமிடத் தெரிந்தவர் ரேகை வைத்தால், அதற்கான காரணத்தை உயிலிலேயே எழுதட்டும். நடமாட இயலாதவரானால், தகுந்த காரணம் காட்டிச் சார்பதிவாளரை வீட்டிற்கே வரவழைத்துப் பதிவு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. ஒருவருக்குக் கொடுக்கவில்லை என்றால் ஏன் என்பதையும் எழுதட்டும். முடிந்தால் அதனை உயிரோடிருக்கும்போதே அவரிடம் வாயாலும் சொல்லட்டும்.

எங்கள் தாத்தாவின் உயிலில் ‘வலக்கை வழங்காமையால் ரேகை வைத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி இருந்திருந்தால், என் தாயார் தம் தம்பியை ஒரு மாதம் சந்தேகித்திருக்க மாட்டார்.